மலையகக் குளிரில் ஓர் ஒட்சிசன் செறிவாக்கி: வாடகை இயந்திரம் ஒன்றைப் பற்றிய மதிப்புரை

நிமிடத்துக்கு ஐந்து லீற்றர் வரை ஒட்சிசன் தரக்கூடிய, வீட்டு மின்சாரத்தில் இயங்கும் செறிவாக்கி ஒன்றைப் பற்றியது இந்த மதிப்புரை. கடைக்காரர் முதல் கிளினிக்கில் காத்திருப்போர் வரை இங்கே எல்லோரும் இதை ‘ஒக்சிசன் மெஷின்’ என்றே சொல்கிறார்கள். நுவரெலியாவுக்கு அருகில், கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வசிக்கும் என் அம்மாவுக்காக இதை நகரத்துக் கடையொன்றிலிருந்து மாத வாடகைக்கு எடுத்தோம். தென்மேல் பருவக்காற்றுக் காலம் முழுவதும் எங்கள் வீட்டில் ஓடியது, இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது. அம்மாவுக்கு உள்ளது நாட்பட்ட சுவாசப்பை நோய், அதன் விளைவாக வந்த சுவாசப்பை நாடி உயர் அமுக்கம், அதனால் ஏற்பட்ட வலது இதயச் செயலிழப்பு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சரியான நோயாளிக்கு, சரியான அளவில், போதிய மணித்தியாலங்கள் கொடுத்தால் இந்த இயந்திரம் செய்யும் உதவி பெரியது. ஆனால் இந்த மூன்றில் ஒன்றைக்கூட விசாரிக்காமல் இதை வீட்டுக்கு அனுப்பிவைக்கும் வழக்கம் ஆபத்தானது.

இயந்திரத்தை மதிப்பிட வேண்டுமானால் அது எந்த நோயில் வேலை செய்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். கையில் பட்டி கட்டி அளக்கும் பிரஷர் வேறு, வலது இதயத்திலிருந்து சுவாசப்பைக்குச் செல்லும் நாடியின் அமுக்கம் வேறு. சுகதேகி ஒருவர் ஓய்வாக இருக்கும்போது அந்த நாடியின் சராசரி அமுக்கம் சுமார் 14 மில்லிமீற்றர் இரசம்தான். அது 25ஐ எட்டினால்தான் நோய் என்று நெடுங்காலம் கொள்ளப்பட்டது. 2018இல் பிரான்சின் நீஸ் நகரில் நடந்த ஆறாவது உலக மாநாடு, 20ஐத் தாண்டினாலே அசாதாரணம் என்று எல்லையைக் கீழிறக்கியது. 2022இன் ஐரோப்பிய வழிகாட்டலும் அதையே ஏற்றுக்கொண்டது. வலது இதயவறையின் சுவர் சில மில்லிமீற்றர் தடிப்பு மட்டுமே கொண்டது, குறைந்த அமுக்கத்துக்கென்றே அமைந்தது. சமதரையில் ஓடிப் பழகிய முச்சக்கர வண்டியில் உர மூட்டைகளை ஏற்றி, ரம்பொடை ஏற்றத்தில் நாள் முழுவதும் ஓட்டினால் என்ன ஆகுமோ அதுதான் அந்த அறைக்கும் ஆகிறது. முதலில் சுவர் தடிக்கிறது, பிறகு அறை விரிகிறது, தள்ள முடியாத இரத்தம் பின்னால் தேங்குகிறது. கழுத்து நாளம் புடைக்கும், ஈரல் வீங்கி வயிறு கனக்கும், பசி எடுக்காது, கால்கள் வீங்கும். அம்மாவின் கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் விழும் பள்ளம் நெடுநேரம் அப்படியே நிற்கும். அது வயதாலும் குளிராலும் வந்த வீக்கம் என்றே ஆரம்பத்தில் எங்களுக்குச் சொல்லப்பட்டது.

இந்த உயர் அமுக்கத்தை மருத்துவ உலகம் ஐந்து பிரிவாகப் பார்க்கிறது: நாடியிலேயே தொடங்குவது, இடது இதய நோயால் வருவது, சுவாசப்பை நோயாலும் ஒட்சிசன் குறைவாலும் வருவது, பழைய இரத்தக் கட்டிகள் அடைத்துக்கொள்வதால் வருவது, ஏனையவை. ஒட்சிசன் செறிவாக்கி முதன்மையாக மூன்றாம் பிரிவுக்குரியது. அம்மா ஒருநாளும் புகைபிடித்தவர் அல்லர், ஆனால் ஜன்னல் சிறுத்த லயக் காம்பிராவில் விறகடுப்பின் முன்னால் அவருடைய வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது. புகைபிடிக்காத பெண்களுக்கு இது எப்படி வரும் என்று இன்றும் கேட்கிறார்கள். இந்தியாவின் முதல் பெண் இதய நோய் நிபுணர் என அறியப்படும் வைத்தியர் பத்மாவதி, டெல்லியில் சுவாசப்பை நோயால் வலது இதயம் பாதிக்கப்பட்டவர்களை ஆராய்ந்து 1959இலேயே ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். அவர்களுள் பெண்கள் கணிசமாக இருந்ததற்கு அடுப்புப் புகையையே அவர் காரணமாகக் கருதினார். நம் தோட்டங்களில் விறகடுப்பு இன்னும் எத்தனை வீடுகளில் எரிகிறது என்பதைப் பார்க்கும்போது, அந்தக் கட்டுரை நமக்காகவே எழுதப்பட்டதாகத் தோன்றுகிறது.

அடுத்தது உயரம். 1946இல் சுவீடனைச் சேர்ந்த ஒய்லர், லில்ஜெஸ்ட்ரான்ட் என்ற இருவர் பூனைகளில் செய்த ஆய்வில், ஒட்சிசன் குறைந்த காற்றைச் சுவாசிக்கச் செய்தபோது சுவாசப்பை நாடியின் அமுக்கம் ஏறுவதைக் காட்டினார்கள். உடலின் மற்ற இரத்தக் குழாய்கள் ஒட்சிசன் குறையும்போது விரிய, சுவாசப்பையின் சிறு நாடிகள் மட்டும் சுருங்குகின்றன. செறிவாக்கியின் பயனுக்கு அடிப்படையே இதுதான்: ஒட்சிசனைக் கொடுத்தால் அந்தச் சுருக்கம் ஓரளவு தளர்கிறது, வலது இதயத்தின் பாரம் சற்றுக் குறைகிறது. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே வளிமண்டல அமுக்கம் சுமார் 610 மில்லிமீற்றர் இரசம், கொழும்பில் 760. மூச்சுக்குழாயை அடையும்போது கொழும்புக் காற்றில் ஒட்சிசனின் பங்கு அமுக்கம் (மொத்த அமுக்கத்தில் ஒட்சிசனுக்குரிய பகுதி) ஏறத்தாழ 150 ஆக இருக்க, நுவரெலியாவில் அது ஏறத்தாழ 118 மட்டுமே. ஆரோக்கியமான சுவாசப்பைக்கு இது பெரிய விடயமன்று. இங்கேயே பிறந்து வளர்ந்து, முதுகில் கூடையுடன் மலை ஏறி இறங்குபவர்கள் அதை உணர்வதுகூட இல்லை. ஏற்கனவே பாதிக்கப்பட்ட சுவாசப்பைக்கு அதுவே பெரிய இழப்பு.

மூக்குக் குழாயில் நிமிடத்துக்கு இரண்டு லீற்றர் ஒட்சிசன் போனால், சுவாசிக்கும் காற்றில் ஒட்சிசன் 28 வீதம் அளவுக்கு வரும் என்பது வைத்தியசாலைகளில் பயன்படும் மதிப்பீடு. அதை நுவரெலியா அமுக்கத்தில் வைத்துக் கணக்கிட்டால் பங்கு அமுக்கம் சுமார் 158. அதாவது, இங்கே இரண்டு லீற்றரில் கிடைப்பது கொழும்புக் கடற்கரையில் வெறும் காற்றைச் சுவாசிப்பவருக்குக் கிடைப்பதைவிடச் சிறிதளவே அதிகம். கொழும்பிலோ, 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியிலோ எழுதித்தந்த அளவு, நோயாளி வீடு திரும்பிய பின்னர் போதாமல் போகக்கூடும். அந்த அளவை வீட்டின் உயரத்தில், ஓய்விலும் நடக்கும்போதும் உறங்கும்போதும் மீண்டும் சரிபார்க்க வேண்டும். இதை எங்களுக்குச் சொன்னவர் கிளினிக்கில் இருந்த இளம் வைத்தியர் ஒருவர். கடையில் எவரும் சொல்லவில்லை.

இனி, இயந்திரம் தரும் பயனுக்கு ஆதாரம் என்ன என்பது. 1981இல் வெளியான பிரித்தானிய மருத்துவ ஆய்வுச் சபையின் ஆய்வில், ஒட்சிசன் குறைவும் வலது இதயப் பாதிப்பும் கொண்ட 87 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். நாளொன்றுக்கு குறைந்தது 15 மணித்தியாலம் ஒட்சிசன் பெற்ற 42 பேரில் ஐந்தாண்டுகளில் 19 பேர் இறந்தனர். பெறாத 45 பேரில் 30 பேர் இறந்தனர். ஆண்களிடம் அந்த வேறுபாடு தெரிவதற்கே ஏறத்தாழ 500 நாட்கள் ஆயின. “ஒரு மாதம் வைத்துப் பார்த்தோம், ஒன்றும் தெரியவில்லை” என்று இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும் குடும்பங்கள் இந்த 500 நாட்களை நினைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஆய்வு 203 பேரைக் கொண்டது. இரவில் மட்டும் பெற்றவர்களின் இறப்பு, முடிந்தவரை நாள் முழுவதும் பெற்றவர்களின் இறப்பைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்காக இருந்தது. ஆகவே மூச்சு வாங்கும்போது மட்டும் அரை மணித்தியாலம் வைத்துவிட்டு நிறுத்திவிடுவதால் இதயத்துக்குப் பயன் கிடைக்கும் என்று சொல்ல ஆதாரம் இல்லை.

அதேசமயம், கூடக் கூட நல்லது என்பதும் சரியன்று. 2016இல் அமெரிக்காவில் 738 பேரிடம் செய்யப்பட்ட ஆய்வு, ஒட்சிசன் மிதமாக மட்டும் குறைந்திருந்த சுவாசப்பை நோயாளிகளுக்கு வீட்டு ஒட்சிசனால் ஆயுளும் நீளவில்லை, வைத்தியசாலைக்குப் போகும் தேவையும் குறையவில்லை என்று காட்டியது. 2024இல் சுவீடனில் வெளியான இன்னோர் ஆய்வில், 24 மணித்தியாலம் பெறும்படி சொல்லப்பட்டவர்களுக்கும் 15 மணித்தியாலம் பெறும்படி சொல்லப்பட்டவர்களுக்கும் இடையே ஓராண்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அம்மாவைப் போன்றவர்களுக்கு இது பெரிய ஆறுதல். குளிப்பதற்கும், கோயிலுக்குப் போய் வருவதற்கும், பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதற்கும் நாளில் சில மணித்தியாலங்களைக் குற்ற உணர்வின்றி எடுத்துக்கொள்ளலாம்.

இயந்திரத்தின் அமைப்பு எளிமையானது. அறைக் காற்றை உறிஞ்சி, அமுக்கி, சியோலைற்று என்ற கனிமத்தின் சிறு மணிகள் நிரப்பிய இரண்டு உருளைகளுக்குள் மாறி மாறிச் செலுத்துகிறது. மணிகள் நைதரசனைப் பிடித்து வைத்துக்கொள்ள, எஞ்சியது ஏறத்தாழ 93 வீத ஒட்சிசனாக வெளியே வருகிறது. உருளை மாறும் ஒவ்வொரு தடவையும் ஒரு பெருமூச்சு விடுவதுபோல் சத்தம் கேட்கிறது. மெல்லிய தடுப்புச் சுவர் கொண்ட லயத்தில் பக்கத்துக் காம்பிராவுக்கும் அது கேட்கும் என்பதால், எங்கள் அயலவர்களின் பொறுமைக்கு இங்கே நன்றி சொல்ல வேண்டும். தூய்மை குறைந்தால் விளக்கின் நிறம் மாறும், ஒலி எழும். இயந்திரம் எவ்வளவு உயரம் வரை முழுத் திறனில் இயங்கும் என்பது கைநூலில் அச்சிடப்பட்டிருக்கும். அதை ஒவ்வொரு மாதிரிக்கும் தனித்தனியே பார்க்க வேண்டும். எங்கள் இயந்திரம் குறைந்த பாய்ச்சலில் ஒரு தடவையும் எச்சரிக்கவில்லை.

எதிர்பாராத நன்மை ஒன்றும் கிடைத்தது. இயந்திரம் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் அனைத்தும் இறுதியில் வெப்பமாக மாறுவதால், சனவரிக் குளிரிலும் அம்மாவின் அறை சற்றுக் கதகதப்பாகவே இருந்தது. ஆனால் குழாய் குளிர்ந்த நடையைக் கடந்து அடுத்த அறைக்குப் போகும் இடத்தில் உள்ளே நீர்த்துளிகள் திரண்டு மூக்குக்குள் சொட்டின. ஈரப்பதப் போத்தலை அகற்றிய பிறகு அது நின்றது. நான்கு லீற்றருக்குக் கீழே பொதுவாக அந்தப் போத்தல் தேவைப்படுவதில்லை. பயன்படுத்துவோர், கொதித்தாறிய நீரைத் தினமும் மாற்ற வேண்டும்.

பின்புறம் உள்ள பஞ்சு வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவுகிறோம். முதல் தடவை வெதுவெதுப்பான சவர்க்கார நீரில் நனைத்தபோது, சாம்பல் நிறப் பஞ்சிலிருந்து கரிக்கறை சுருள் சுருளாக இறங்கி பேசின் நீர் முழுவதும் கறுத்தது. அடுப்படி கதவை மூடி வைத்திருந்தும் ஒரு வாரத்தில் அவ்வளவு. தம்பியின் மனைவி அந்த நீரைப் பார்த்துக்கொண்டே நின்றார். மறுநாளே எரிவாயு அடுப்புக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார். இவ்வளவு காலம் நாங்கள் சொல்லியும் நடக்காததை அந்தப் பேசின் நடத்தியது.

இயந்திரத்தோடு கடையில் தந்த, இரத்தத்தின் ஒட்சிசன் செறிவை வீதத்தில் காட்டும் விரல் ஒட்சிமானியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குளிரில் விரல் நுனியில் இரத்த ஓட்டம் குறைந்துவிடுவதால் காலையில் அது 79 என்று காட்டும். தேநீர்க் கோப்பையைச் சற்று நேரம் பிடித்திருந்துவிட்டு மீண்டும் வைத்தால் 89 என்று வரும். எண்ணை மட்டும் பாராமல், பக்கத்திலுள்ள துடிப்புக் கோடு சீராக எழுந்து விழுகிறதா என்று பார்த்த பின்னரே குறித்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, கருமையான தோலில் இக்கருவி உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், கருவி 92 முதல் 96 வரை காட்டிய வேளைகளில், கறுப்பின நோயாளிகளில் 11.7 வீதமானோருக்கும் வெள்ளையின நோயாளிகளில் 3.6 வீதமானோருக்கும் உண்மையான அளவு 88க்குக் கீழே இருந்தது. நம்மவரின் தோலுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தாது என்று எண்ண இடமில்லை. ஆகையால் இயந்திரம் தேவையா என்ற முடிவை விரல் கருவியைக் கொண்டு எடுக்கக்கூடாது. மணிக்கட்டு நாடியிலிருந்து இரத்தம் எடுத்துச் செய்யும் வாயுச் சோதனையே அதற்குரியது. அதில் ஒட்சிசன் அமுக்கம் 55 மில்லிமீற்றர் இரசம் அல்லது அதற்குக் கீழே இருந்தாலும், வலது இதயம் பாதிக்கப்பட்டிருக்கையில் 60 அல்லது அதற்குக் கீழே இருந்தாலும், நீண்டகால ஒட்சிசன் பரிந்துரைக்கப்படுகிறது.

கடையின் சேவை எனக்குப் பெரும் ஏமாற்றத்தைத் தந்தது. இயந்திரத்தைப் பொருத்த வந்தவர் மரியாதையானவர், குழாயை ஒழுங்காக இணைத்தார், வடிகட்டியைக் கழற்றிக் காட்டினார். ஆனால் வைத்தியரின் துண்டைக் கேட்கவில்லை. குமிழை ஐந்தில் வைத்துவிட்டு, “மூச்சு எடுத்தா இதுலயே வைங்க, கொறைக்காதீங்க அம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். நாட்பட்ட சுவாசப்பை நோயாளர் பலருக்கு உடலில் காபனீரொட்சைட்டு ஏற்கனவே தேங்கியிருக்கும். அவர்களுக்கு அளவுக்கு மீறி ஒட்சிசன் கொடுத்தால் அது மேலும் தேங்கி, தலைவலியாகத் தொடங்கி, தூக்கக் கலக்கமாகி, சுயநினைவை இழக்கும் நிலை வரை கொண்டுபோகும். மூச்சு வாங்கவில்லையே, நன்றாகத் தூங்குகிறாரே என்று வீட்டார் நிம்மதியடையும் நேரமே ஆபத்தான நேரமாக இருக்கலாம். இத்தகையோருக்கு ஒட்சிமானியில் 88 முதல் 92 வரையே இலக்கு. அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாவில் அம்புலன்ஸ் நோயாளிகளிடம் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வாறு அளந்து கொடுத்த குழுவினரின் இறப்பு, தாராளமாகக் கொடுத்த குழுவினரைவிடப் பாதிக்கும் குறைவாக இருந்தது. அன்று மாலையே வைத்தியரிடம் தொலைபேசியில் கேட்டு இரண்டுக்குக் குறைத்தோம்.

தீ பற்றியும் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூக்குக் குழாயுடன் அடுப்புக்கருகே போகக்கூடாது, சாமி விளக்கும் சாம்பிராணியும் குறைந்தது மூன்று மீற்றர் தள்ளியே இருக்க வேண்டும், மூக்கோரம் காய்ந்தால் வேசலின் தடவக்கூடாது, வீட்டுக்குள் எவரும் பீடி பற்றவைக்கக்கூடாது. தலையணையும் போர்வையும்கூட ஒட்சிசனை ஈர்த்து வைத்துக்கொண்டு பக்கென்று பற்றிக்கொள்ளும். நவராத்திரியும் கார்த்திகையும் கொண்டாடும் வீடுகளுக்கு இயந்திரத்தைக் கொடுப்பவர்கள் இதைத் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்தால் போதும்; செலவு ஒன்றும் பெரிதில்லை.

மின்சாரம் தனிக் கவலை. ஏறத்தாழ 350 வாற் எடுக்கும் இயந்திரம் 15 மணித்தியாலம் ஓடினால் நாளொன்றுக்கு ஐந்து அலகுக்கு மேல், மாதத்துக்கு 150 அலகுக்கு மேல். ஓய்வூதியமும் கொழுந்துச் சம்பளமும் வரும் வீட்டுக்கு அந்தப் பட்டியல் வாடகையைவிடக் கடினமானது. காற்றுக் காலத்தில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் மின்சாரம் எப்போது வருமென்று சொல்ல முடியாது. அதற்கெனச் சிறிய ஒட்சிசன் சிலிண்டர் ஒன்றும், அதற்குரிய மானியும் வீட்டில் இருந்தே ஆக வேண்டும். கடையில் கேட்டபோது சிலிண்டர் வேறு ஒப்பந்தம் என்றார்கள். இரண்டையும் சேர்த்தே கொடுப்பதுதான் மலைநாட்டுக்கு ஏற்ற சேவை.

இயந்திரத்துக்குப் பதிலாக மாத்திரை இல்லையா என்று பலர் கேட்கிறார்கள். முதலாம் பிரிவினருக்கு உண்டு. சில்டெனபில் மாத்திரையின் பயன் 2005இல் 278 பேரிடம் நடந்த ஆய்வில் நிறுவப்பட்டது. 2024 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சொட்டாட்டர்செப்ட் ஊசி, தடித்துப்போன நாடிச் சுவரையே இலக்காகக் கொள்கிறது; 24 வாரங்களில் ஆறு நிமிட நடைத் தூரத்தை ஏறத்தாழ 40 மீற்றர் கூட்டியது. ஆனால் இந்த வெற்றிகளை மூன்றாம் பிரிவுக்கு அப்படியே கொண்டுவர முடியாது. கெட்டுப்போன சுவாசப்பைப் பகுதிகளின் நாடிகளையும் இம்மருந்துகள் விரித்துவிட்டால் இரத்தத்தில் ஒட்சிசன் மேலும் இறங்கலாம். சுவாசப்பை தழும்பேறிய நோயாளிகளிடம் ரியோசிகுவாட் என்ற மருந்தைச் சோதித்த ஆய்வு, தீங்கு தெரிந்ததால் இடைநடுவில் நிறுத்தப்பட்டது. அந்நோயாளிகளுக்கு உள்ளிழுக்கும் டிரெப்ரோஸ்டினில் பயன் தருவதாக 2021இல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது. விறகுப் புகையாலும் புகைத்தலாலும் வந்த நோய்க்கு அத்தகைய மருந்து இன்னும் நிறுவப்படவில்லை. அம்மா எடுப்பது ஒட்சிசனும், வீக்கத்துக்கான நீர் மாத்திரையும், உள்ளிழுக்கும் மருந்துமே. உப்பைக் குறைத்து, காலையில் எடை பார்க்கிறோம்.

அதனால்தான் இயந்திரத்துக்கு முன்னர் எக்கோ எனும் இதய ஸ்கேன் அவசியம். வலது இதயத்தின் இரு அறைகளுக்கிடையிலுள்ள முக்கூர் வால்வின் வழியே பின்னோக்கிப் பாயும் இரத்தத்தின் வேகம் செக்கனுக்கு 2.8 மீற்றரைத் தாண்டினால் சந்தேகம் எழும்; உறுதிப்படுத்துவது வலது இதயத்துக்குள் குழாய் செலுத்திச் செய்யும் அளவீடு. சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சலால் இடது வால்வு சுருங்கியவர்கள் நம்மிடையே உள்ளனர். அவர்களுக்கும் மூச்சு வாங்கும், கால் வீங்கும். ஆனால் வேண்டியது வால்வுக்குரிய சிகிச்சை. பழைய இரத்தக் கட்டியால் வந்தது என்றால் சத்திரசிகிச்சையால் பெருமளவு குணப்படுத்தவும் முடியும். காரணத்தைத் தேடாமல் இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தால் அந்த வாய்ப்புத் தவறிப்போகும்.

அம்மாவின் கால்வீக்கம் குறைந்திருக்கிறது, இரவில் எழுந்து உட்கார்ந்திருப்பது நின்றிருக்கிறது, உதடுகளின் நீலம் மங்கியிருக்கிறது. இதில் எவ்வளவு நீர் மாத்திரையால், எவ்வளவு ஒட்சிசனால் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இயந்திரத்துக்கு முழு மதிப்பெண்ணும் கடைக்குப் பாதியும் கொடுப்பேன். வாடகைக்கு எடுப்போர், இயந்திரம் ஓடிய மணித்தியாலங்களைக் காட்டும், பக்கவாட்டிலுள்ள மணிமானியின் எண்ணை முதல் நாளே ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். பல ஆயிரம் மணித்தியாலம் ஓடிக் களைத்த சியோலைற்று உங்கள் வீட்டுக்கு வருகிறதா என்பதும், நோயாளி உண்மையில் நாளுக்கு 15 மணித்தியாலம் பெறுகிறாரா என்பதும் அந்த எண்ணில் தெரிந்துவிடும். ஒட்சிசன் தூய்மையை மானி வைத்துச் சோதிக்க எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ஆள் வருவார், பழுதானால் எத்தனை மணித்தியாலத்தில் மாற்று இயந்திரம் மலைக்கு வந்து சேரும் என்பதையும் அதே தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.